ராஜீவ் காந்தி: தடாவைக் கொண்டுவந்தவரின் கொலை வழக்கு தடாவில் நடந்த கதை

காலை ஷிப்ட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் பூந்தமல்லி தாண்டி, இருங்காட்டுக்கோட்டை வழியாக ஸ்ரீபெரும்புதூர் வருகின்றன. அங்கிருந்து சில ஒரகடம் பக்கம் திரும்பும், சில சுங்குவார்சத்திரம் நோக்கி நேராகப் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சாலையோரம் ஏழு தூண்கள் கொண்ட நினைவிடம் ஒன்று தெரியும். தினமும் பார்ப்பவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. ராஜீவ் காந்தி இங்கேதான் இறந்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத விஷயம் வேறொன்று இருக்கிறது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கலாம் என்ற சட்டப் பிரிவு, ராஜீவ் பிரதமராக இருந்தபோது வந்தது. அவர் கொல்லப்பட்ட வழக்கில் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதற்கு முக்கிய ஆதாரமாக இருந்ததும் அதே பிரிவுதான். அந்த வழக்கு 2022 நவம்பர் வரை முடியவில்லை.

ராஜீவின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்த்தால், போலீஸ் அதிகாரம் என்றால் என்ன, அது எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கும் ஒரு பாதை கிடைக்கும்.

விமானி எப்படி அரசியலுக்கு வந்தார்?

1944 ஆகஸ்ட் 20-ம் தேதி பம்பாயில் பிறந்தவர் ராஜீவ். தாத்தா ஜவஹர்லால் நேரு, அம்மா இந்திரா, அப்பா பெரோஸ் காந்தி. டேராடூனில் உள்ள டூன் பள்ளியில் படித்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரி என இரண்டு இடத்திலும் படித்தும் பட்டம் வாங்கவில்லை. கேம்பிரிட்ஜில்தான் சோனியாவைச் சந்தித்தார். 1968-ல் திருமணம். ஊர் திரும்பி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானி ஆனார். அரசியல் எல்லாம் தம்பி சஞ்சய் பார்த்துக்கொண்டார்.

1980 ஜூன் 23-ம் தேதி சஞ்சய் ஓட்டிய சிறிய விமானம் டெல்லியில் விழுந்து நொறுங்கியது. அடுத்த ஆண்டே தம்பியின் அமேதி தொகுதியில் நின்று ராஜீவ் எம்.பி. ஆனார். விருப்பப்பட்டு வந்த வேலை இல்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பதவியேற்ற நாளிலேயே காவல் துறை தோற்றது

1984 அக்டோபர் 31. ராஜீவ் மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்தார். டெல்லியில் பிரதமர் இல்லத்துக்குள்ளேயே இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட இருவரும் வெளியாட்கள் அல்ல. அவருடைய பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள். ஒருவர் சப்-இன்ஸ்பெக்டர், இன்னொருவர் கான்ஸ்டபிள். அன்று மாலையே 40 வயது ராஜீவ் பிரதமராகப் பதவியேற்றார். அந்த வயதில் இந்தியாவில் யாரும் பிரதமர் ஆனதில்லை.

அடுத்த சில நாட்கள் டெல்லியில் சீக்கியர்கள் தேடித்தேடிக் கொல்லப்பட்டார்கள். டெல்லியில் மட்டும் 2,733 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. பல இடங்களில் போலீஸ் கண்டும் காணாமல் நின்றது. புகார் கொடுக்கப் போனவர்களைத் திருப்பி அனுப்பியது. இதை விசாரிக்க 1985-ல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து இதே கதையில் அவர் மறுபடி வருவார்.

ஆக, ராஜீவ் ஆட்சி தொடங்கியபோது போலீஸைப் பற்றி இரண்டு உண்மைகள் கண்ணெதிரே இருந்தன. ஒன்று, காவலுக்கு நின்ற கையே சுட்டது. இரண்டு, காக்க வேண்டிய நேரத்தில் காவல் துறை கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டுமே அதிகாரம் போதவில்லை என்பதால் நடந்தவை அல்ல. இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம்தான் பிரச்னை. ஆனாலும் அடுத்து வந்த சட்டங்கள் அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போயின.

தடா எப்படி வந்தது?

1984 டிசம்பர் தேர்தலில் காங்கிரஸ் 400 இடங்களைத் தாண்டியது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ளவே ஆள் குறைவு. பஞ்சாபில் வன்முறை ஓயவில்லை. 1985 மே மாதம் டெல்லியிலும் பக்கத்து மாநிலங்களிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் மறைத்து வைத்த குண்டுகள் வெடித்தன. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதே மாதத்திலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பயங்கரவாத மற்றும் சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். சுருக்கமாக, தடா.

இரண்டு ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1987-ல் அந்தக் கெடு முடிந்தபோது, இன்னும் கடுமையான புதிய தடா வந்தது.

புதிய சட்டத்தில் என்ன இருந்தது? குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலேயே ஓர் ஆண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். 1993-ல் இது 180 நாளாகக் குறைக்கப்பட்டது. ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. விசாரணை தனி நீதிமன்றத்தில், கதவை மூடிக்கொண்டு நடக்கலாம். தண்டனை வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஒரே ஒரு மேல்முறையீடு, அதுவும் நேராக உச்ச நீதிமன்றத்தில்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது 15-வது பிரிவு. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தால், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம் ஆகும்.

அதுல என்ன தப்பு?

குற்றம் செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு ஏற்க வேண்டியதுதானே என்று தோன்றலாம். இதற்குப் பதில் 1872-லேயே எழுதப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் பயன்படுத்தவே கூடாது என்றது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் இருந்தால் மட்டுமே செல்லும் என்றது 26-வது பிரிவு.

காரணம் லேசானது. அடித்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று சட்டம் சொல்லிவிட்டால், அடிப்பதற்கான காரணமே போய்விடும். காலனி அரசுக்கே தன் போலீஸ் மீது அவ்வளவு நம்பிக்கை இருந்தது!

ஒரே ஒரு விதிவிலக்கு, 27-வது பிரிவு. கைதானவர் சொன்னதை வைத்து போலீஸ் ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் ஏற்கலாம். கத்தியை எங்கே புதைத்தேன் என்று சொன்னது செல்லும். அந்தக் கத்தியால் குத்தினேன் என்பது செல்லாது.

115 ஆண்டுகளாக இருந்த இந்தத் தடுப்பைத்தான் 1987 தடா, தன் வழக்குகளுக்கு மட்டும் எடுத்துவிட்டது.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும். அப்படின்னா அவர்கள் இந்தியாவைவிடக் கடுமையா? இல்லை. அங்கே தடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-ல் மிராண்டா வழக்கில் ஒரு விதி வகுத்தது. காவலில் வைத்து விசாரிக்கும் முன், பேசாமல் இருக்கும் உரிமையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் ஆதாரமாக முன்வைக்க முடியாது. பிரிட்டனில் 1984-ல் வந்த போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், விசாரணையைப் பதிவு செய்வது, வக்கீலைச் சந்திக்க விடுவது என்று வழிமுறைகளை வகுத்தது. வற்புறுத்தி வாங்கியது என்று கேள்வி எழுந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு நடந்ததற்கு பர்மிங்ஹாம் ஆறு பேர் வழக்கு சாட்சி. 1974-ல் பர்மிங்ஹாம் நகர மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். கைதான ஆறு ஐரிஷ்காரர்களில் நான்கு பேர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்கள். அடித்து வாங்கியது என்று அவர்கள் சொன்னதை அன்று நீதிமன்றம் நம்பவில்லை. 16 ஆண்டு சிறைக்குப் பிறகு, அந்த ஆதாரங்கள் நிற்காது என்று தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தார்கள். அந்த நாள் 1991 மார்ச் 14. ஸ்ரீபெரும்புதூர் சம்பவத்துக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை 1979-ல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் உதவி போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. அது வற்புறுத்தி வாங்கியது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான். தமிழ் இளைஞர்கள் பலர் இந்தச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அந்தச் சட்டம் வந்து எட்டு ஆண்டில் இந்தியாவும் அதே வழியில் ஒரு பிரிவைக் கொண்டுவந்தது.

ஒப்பந்தங்கள் ஒரு கையில், சட்டங்கள் மறு கையில்

ராஜீவை வெறும் கடுமைக்காரர் என்று மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது. 1985 ஜூலையில் பஞ்சாப் ஒப்பந்தம், ஆகஸ்டில் அசாம் ஒப்பந்தம், 1987 ஜூலை 29-ல் இலங்கை ஒப்பந்தம் என்று பேசித் தீர்க்கவும் முயன்றார். கொழும்பில் ஒப்பந்தம் போட்ட மறுநாள், அணிவகுப்பு மரியாதையில் நின்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அவரை அடித்தார். ராஜீவ் குனிந்து தப்பினார். காவலுக்கு நின்றவர் தாக்குவது அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது முறை.

ஒப்பந்தத்தைக் காக்கப் போன இந்திய அமைதிப் படை சில மாதங்களிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அதன் விளைவு நான்கு ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது.

உள்நாட்டில் சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். 1986-ல் அஞ்சல் சட்டத் திருத்த மசோதா. தபால்களைத் தடுத்து நிறுத்தவும் பிரித்துப் பார்க்கவும் அரசுக்குப் பரந்த அதிகாரம் கொடுத்தது. இரண்டு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேஜையில் அப்படியே வைத்துக்கொண்டார். அது கடைசிவரை சட்டம் ஆகவில்லை. 1988-ல் வந்த 59-வது அரசியல் சாசனத் திருத்தம், பஞ்சாபில் அவசரநிலை கொண்டுவந்தால் உயிர் வாழும் உரிமையைக்கூட நிறுத்தி வைக்க வழி செய்தது. அது பயன்படுத்தப்படவே இல்லை. அடுத்து வந்த வி.பி.சிங் அரசு அதை நீக்கியது. அதே 1988-ல் வந்த அவதூறு மசோதாவைப் பத்திரிகைகளின் எதிர்ப்பால் ராஜீவே திரும்பப் பெற்றார்.

தடா மட்டும் நின்றது.

இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு தேர்தலும்

1989 டிசம்பரில் ராஜீவ் ஆட்சியை இழந்தார். இந்திரா கொலைக்குப் பிறகு, பிரதமரைக் காக்க என்றே உருவாக்கப்பட்டது எஸ்.பி.ஜி. படை. அதற்கான 1988 சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரையும் அவர் குடும்பத்தையும் மட்டுமே குறிப்பிட்டது. ராஜீவ் காலத்துச் சட்டம்தான். பதவி போனதும் அந்தப் பாதுகாப்பும் போனது. மிரட்டல் அப்படியே இருந்தது.

பிறகு காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரித்த சந்திரசேகர் அரசு வந்தது. 1991 மார்ச்சில் ராஜீவின் வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் பிடிபட்டார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று காங்கிரஸ் கொதித்தது. மார்ச் 6-ம் தேதி சந்திரசேகர் ராஜினாமா செய்தார். நாடு இடைத்தேர்தல் அல்ல, பொதுத் தேர்தலையே சந்தித்தது. அந்தப் பிரசாரம்தான் ராஜீவை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்து வந்தது.

1991 மே 21

அன்று விசாகப்பட்டினத்திலிருந்து இரவு நேரத்தில் மீனம்பாக்கம் வந்து இறங்கினார். தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. திமுக அரசு ஜனவரியில்தான் கலைக்கப்பட்டிருந்தது. போரூர், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகக் கூட்டம். இன்றைய தொழிற்சாலைகள் எதுவும் அப்போது இல்லை. சாலையோரம் ஒரு திடல், தடுப்புக் கட்டைகள், சிவப்புக் கம்பளம், காத்திருக்கும் கூட்டம்.

மாலையோடு நெருங்கிய பெண்ணைத் தடுக்கப் பார்த்ததாகவும், ராஜீவ் தன்னை அமைதிப்படுத்தி எல்லோரையும் வரவிடச் சொன்னதாகவும், அங்கே பணியில் இருந்து காயத்தோடு தப்பிய பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் குனிந்து காலைத் தொட்டார். இரவு 10.20 மணி வாக்கில் குண்டு வெடித்தது. ராஜீவோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பணியில் இருந்த போலீஸார் பலர்.

போலீஸ் அதிகாரம் என்றதும் தடி, லாக்கப் என்றே நினைக்கிறோம். கூட்டத்தில் ஒருவரைக் கையை நீட்டி நிறுத்துவதும் போலீஸ் அதிகாரம்தான். அன்று வேலை செய்திருக்க வேண்டியது அது. அதற்குத் தடா தேவையே இல்லை. பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த வர்மா ஆணையம், பாதுகாப்பு குறைக்கப்பட்டது முதல் அன்றைய கூட்ட ஏற்பாடு வரை பல ஓட்டைகளைச் சுட்டியது. அந்த ஆண்டே எஸ்.பி.ஜி. சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பூந்தமல்லியில் நடந்தது என்ன?

போலீஸ் என்பது அரசியல் சாசனப்படி மாநிலத்தின் விஷயம். இந்த வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. மூன்றே நாளில் டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஒருவரின் கேமரா சேதமாகாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்கள்தான் முதல் துப்பு. ஆகஸ்டில் பெங்களூருவில் சிவராசன் தங்கியிருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் சடலமாகவே கிடைத்தார்கள்.

41 பேர் மீது குற்றச்சாட்டு. அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 3 பேர் தலைமறைவு. மீதி 26 பேர் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் தடாவின் கீழ் நிறுத்தப்பட்டார்கள். கடைசி இரவில் ராஜீவ் கடந்து போன அதே பூந்தமல்லி. மூடிய கதவுக்குள் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 17 பேரின் ஒப்புதல் வாக்குமூலங்கள் தடா 15-வது பிரிவின்படி பதிவாகியிருந்தன. 1998 ஜனவரி 28-ல் தீர்ப்பு. 26 பேருக்கும் தூக்கு.

இதற்கிடையில் தடாவே செத்துப்போயிருந்தது. 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேரில் மூவர் 15-வது பிரிவு செல்லும் என்றார்கள், இருவர் ஏற்கவில்லை. செல்லும் என்றவர்களும், வாக்குமூலம் கொடுத்தவரைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை வகுத்தார்கள். ஆனால் வெளியே நிலைமை கைமீறியிருந்தது. நாடு முழுக்க எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் தடாவில் கைது. தண்டனை பெற்றவர்கள் அதில் மிகச் சொற்பம். பயங்கரவாதம் தலைகாட்டாத மாநிலங்களில்கூட விவசாயிகள், தொழிற்சங்கத்தினர் மீது பாய்ந்தது. 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் எல்லா எம்.பி.க்களுக்கும் கடிதம் எழுதி, இந்தச் சட்டத்தை நீட்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தலைவர்தான் 1984 கலவரத்தை விசாரித்த அதே ரங்கநாத் மிஸ்ரா. மே மாதம் தடா காலாவதியானது. நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டும் தொடர்ந்தன.

1999 தீர்ப்பின் முடிச்சு

1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயலே அல்ல என்றது. குறி ராஜீவ் என்ற தனிநபர்தான். அரசை மிரட்டுவதோ மக்களிடம் பீதி கிளப்புவதோ நோக்கம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். 26 பேர் மீதான தடா தண்டனைகளும் ரத்தாயின. 19 பேர் வெளியே வந்தார்கள். நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள் என்று உறுதியானது.

சரி, தடா குற்றமே இல்லை என்றால், தடா வாக்குமூலம் மட்டும் எப்படிச் செல்லும்? தடா குற்றத்தோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட கொலை போன்ற மற்ற குற்றங்களுக்கும் அந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம், தடா குற்றச்சாட்டு விழுந்தாலும் வாக்குமூலம் விழாது என்றது நீதிமன்றம். சாதாரணக் கொலை வழக்காகவே தொடங்கியிருந்தால் அந்தப் பக்கங்கள் நீதிமன்றத்துக்குள்ளேயே வந்திருக்க முடியாது.

அதன் விலை என்ன என்பதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி ஒரு உதாரணம். 1991 ஜூனில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அவை குண்டுக்குப் பயன்பட்டன என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி ஓய்வுபெற்ற பிறகு 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்றார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார். புலனாய்வுத் தரப்பில் இருந்த மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பதைத் தாண்டி ஒரு விஷயம் நிற்கிறது. ஒரு அறைக்குள் ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதினார். ஒரு வரி விட்டுப்போனதா என்று பார்க்க, அங்கே மாஜிஸ்திரேட்டும் இல்லை, வக்கீலும் இல்லை.

தூக்குத் தண்டனை பெற்ற நால்வரில் பெண்ணின் தண்டனை 2000-ல் ஆயுளாகக் குறைந்தது. கருணை மனுக்களை 11 ஆண்டு கிடப்பில் போட்டதற்காக மற்ற மூவரின் தூக்கையும் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018-ல் ஏழு பேரையும் விடுவிக்க தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்தார். 2022 மே 18-ல் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி பேரறிவாளனை உச்ச நீதிமன்றமே விடுவித்தது. நவம்பர் 11-ல் மீதி ஆறு பேரும். அன்று பட்டாசு வெடித்தவர்களும் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அப்பாவை, அம்மாவை, கணவரை இழந்து 31 ஆண்டு கழித்தும் எங்களுக்கு என்ன நீதி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் தேவை. நிற்காத ஆதாரத்தின் மேல் கட்டிய தீர்ப்பு, இறந்தவர்களின் குடும்பத்துக்கும் நிம்மதி தராது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

தடாவுக்குப் பிறகு 2002-ல் பொடா வந்தது. அதிலும் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்ற பிரிவு இருந்தது. தமிழ்நாட்டில் வைகோ உள்ளே போனது அந்தச் சட்டத்தில்தான். 2004-ல் அதுவும் நீக்கப்பட்டது. இப்போதுள்ள ஊபா சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது கடினம். ஆனால் போலீஸ் வாக்குமூலப் பிரிவு இல்லை. மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில் அது இன்னும் இருக்கிறது.

ராஜீவ் காலத்துப் போதைப்பொருள் சட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை வைத்தே தண்டனை கொடுக்கும் வழக்கம் பல ஆண்டு இருந்தது. 2020-ல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகள்தான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

2024 ஜூலை 1 முதல் 1872 சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பெயர் மாறினாலும் பழைய 25, 26, 27-வது பிரிவுகள் மூன்றும் அதன் 23-வது பிரிவில் அப்படியே இருக்கின்றன. நாளைக்கு ஒரகடம் சாலையில் ஒரு சண்டையிலோ, கம்பெனி வாசலில் ஒரு போராட்டத்திலோ யாரையாவது ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் பொருந்தும் சட்டம் இதுதான். எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் தர வேண்டும். வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டதாக எழுதி வாங்கிய பேப்பர், அந்த மேஜையைத் தாண்டிச் சாட்சியம் ஆகாது.

ராஜீவ் பிரதமராக இருந்தது ஐந்து ஆண்டு. டெலிபோன் பூத், கம்ப்யூட்டர், 18 வயதில் ஓட்டு, கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று அவர் பெயரில் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் கொண்டுவந்த தடா பத்து ஆண்டில் காலாவதியானது. அவர் கொலை வழக்கின் கடைசிக் கைதிகள் சிறையிலிருந்து வெளியே வர, அவர் இறந்து 31 ஆண்டு ஆனது.